வண்ணமா, கறுப்பு-வெள்ளையா? ஆய்வு ஒளிப்படங்களில் நிறத் தெரிவும் சான்றின் தன்மையும்

ஆய்வுச் சுருக்கம்

கள ஆய்வில் எடுக்கப்படும் ஒளிப்படத்தை வண்ணத்தில் வெளியிடுவதா, கறுப்பு-வெள்ளையில் வெளியிடுவதா என்னும் தெரிவு பெரும்பாலும் அழகுணர்ச்சியையோ அச்சுச் செலவையோ சார்ந்த ஒன்றாகவே கருதப்படுகிறது. ஆய்வுப் படத்தைப் பொறுத்தவரை அது சான்று தொடர்பான முடிவு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பொருளின் செய்தி நிற வேறுபாட்டில் உள்ளதா, ஒளி வேறுபாட்டில் உள்ளதா என்னும் வினாவே தெரிவுக்கு அடிப்படையாக அமைய வேண்டும். கல்வெட்டு, பாறை ஓவியம், சுவரோவியம், கூத்து ஒப்பனை, பேரிடர்ப் படம் ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு இவ்வினா ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: ஒளிப்படம், கறுப்பு-வெள்ளை, வண்ணம், கள ஆய்வு, கல்வெட்டு, சுவரோவியம், ஆவணப்படுத்தல்.

முன்னுரை

தமிழியல் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ஒளிப்படங்கள் இடம்பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. கோயில், கல்வெட்டு, ஓவியம், நிகழ்த்துகலை, தொழிற்கருவி என எதைப் பற்றிய ஆய்வாயினும் படங்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் பல வண்ணத்தில் எடுக்கப்பட்டு, கறுப்பு-வெள்ளையில் படியெடுக்கப்பட்டு, அந்நிலையிலேயே நூலகத்தைச் சென்றடைகின்றன. படத்தின் கீழே ‘சிவப்பு நிறத்தில் காணப்படுவது’ என்னும் குறிப்பு இருக்கும். படத்திலோ சிவப்பு இராது. படிப்பவர் ஆய்வாளரின் சொல்லை நம்பலாமே தவிர, படத்தைக் கொண்டு அதனைச் சரிபார்க்க இயலாது. சான்றாக வைக்கப்பட்ட படம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டிய கல்வெட்டுப் படத்தில் பாசியின் பச்சையும் குங்குமத்தின் சிவப்பும் எண்ணெய்க் கறையின் பழுப்பும் கண்ணை ஈர்க்க, வெட்டின் வடிவம் பின்தங்கிப் போகிறது. முன்னதில் நிறத்தை நீக்கியது பிழை. பின்னதில் நிறத்தை வைத்திருந்தது பிழை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குரிய அடிப்படையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சாம்பல் நிறத்தின் கணக்கு

கறுப்பு-வெள்ளைப் படம் என்பது நிறம் கழிக்கப்பட்ட வண்ணப்படம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது ஒரு மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு நிறமும் அதற்குரிய ஒரு சாம்பல் அளவாக மாற்றப்படுகிறது. எந்த நிறம் எந்த அளவாக மாறும் என்பதை ஒரு விதி தீர்மானிக்கிறது.

எண்மப் படங்களுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் விதிகளுள் ஒன்று, சிவப்பின் அளவை 0.299 ஆலும் பச்சையின் அளவை 0.587 ஆலும் நீலத்தின் அளவை 0.114 ஆலும் பெருக்கிக் கூட்டுவதாகும். மனிதக் கண் பச்சைக்கு மிகுதியாகவும் நீலத்திற்குக் குறைவாகவும் ஒளியுணர்வு கொள்வதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் காணலாம். சிவப்பின் அளவு 255ஆகவும் ஏனைய இரண்டும் சுழியாகவும் உள்ள தூய சிவப்பு, இவ்விதியின்படி 76 என்னும் சாம்பல் அளவைப் பெறும். பச்சையின் அளவு 130ஆகவும் ஏனையவை சுழியாகவும் உள்ள ஓர் அடர்பச்சையும் அதே 76 என்னும் அளவையே பெறும். கண்ணுக்கு முற்றிலும் வேறான இரு நிறங்கள் கறுப்பு-வெள்ளையில் ஒன்றாகிவிடுகின்றன.

இக்கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒளியளவில் நெருங்கியும் நிறத்தில் விலகியும் நிற்கும் பொருள்களைக் கறுப்பு-வெள்ளை காட்டாது. தெருக்கூத்தில் முகத்தில் தீட்டப்படும் வண்ணம் பாத்திரத்தை இனங்காட்டும் குறியாகும். சிவப்பு முகமும் பச்சை முகமும் ஒரே சாம்பலாக அமையக்கூடிய படம், ஒப்பனையைப் பற்றிய ஆய்வில் சான்றாக நிற்க இயலாது. அதே கூத்தில் அடவின்போது உடல் கொள்ளும் வளைவையோ கிரீடத்தின் புறவடிவையோ ஆராய்பவருக்குக் கறுப்பு-வெள்ளைப் படம் போதுமானதாக இருக்கலாம். பொருள் ஒன்றே, வினா மாறும்போது தெரிவும் மாறுகிறது.

இரண்டாவது, இம்மாற்றம் ஒருவழிப் பாதையாகும். 76 என்னும் சாம்பலைக் கொண்டு அது சிவப்பிலிருந்து வந்ததா, பச்சையிலிருந்து வந்ததா என்று கூற இயலாது. பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களுக்குக் கணினியால் வண்ணம் ஏற்றும் வழக்கம் இன்று பரவிவருகிறது. அவ்வாறு ஏற்றப்படும் வண்ணம் மீட்கப்பட்டதன்று, ஊகிக்கப்பட்டது. பொதுமக்களின் ஆர்வத்தைத் தூண்ட அது உதவலாம். ஆடையின் நிறத்திற்கோ ஓவியத்தின் நிறத்திற்கோ ஆய்வில் அதனைச் சான்று காட்டுதல் கூடாது.

2. பழைய படங்களைப் படித்தல்

மேற்கண்ட விதி எண்மக் கருவிக்குரியது. பழைய படங்களில் இவ்விதியின் இடத்தில் வேதிப்பொருள் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வெள்ளி உப்புப் பூச்சுகள் நீல ஒளிக்கும் புறஊதா ஒளிக்கும் மட்டுமே நன்கு வினைபுரிந்தன. ஆகவே நீலம் வெளிறியும் சிவப்பு கருத்தும் பதிந்தன. 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், பூச்சுடன் சாயங்களைச் சேர்ப்பதன் மூலம் அதன் உணர்திறனைப் பச்சை முதலிய பிற நிறங்களுக்கும் விரிவாக்கலாம் என்று கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் ஏற்கும் தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் விற்பனைக்கு வந்தன.

தஞ்சைப் பெரிய கோயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858இல் அக்கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி இணைத்து உருவாக்கப்பட்ட அத்தொடர்ப்படம் ஏறத்தாழ 19 அடி நீளமுடையது. கல்வெட்டு எழுத்துகள் ஒளிநிழல் வேறுபாட்டால் தெரிபவை; எனவே நீலத்தை மட்டுமே உணரும் பூச்சும் அப்பணிக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அதே டிரைப்பின் கோயில் காட்சிகளில் வானம் வெறுமையாகப் பதிந்தது. நீல வானமும் வெண்முகிலும் அப்பூச்சுக்கு ஒன்றே. ஆதலால் அவர் எதிர்ப்படிவங்களின் மீது தூரிகையால் முகில்களைத் தீட்டிச் சேர்த்தார். அப்படங்களில் கல்வெட்டைச் சான்றாகக் கொள்ளலாம். முகிலைச் சான்றாகக் கொள்ளலாகாது. ஒரே ஒளிப்படக்காரரின் படங்களுக்குள்ளேயே எது பதிவு, எது சேர்க்கை என்று பிரித்தறிய வேண்டியுள்ளது.

இவ்வறிவு இன்றைய ஆய்வாளருக்கு நேரடிப் பயன் தருவதாகும். நீலத்தை மட்டும் உணரும் தகட்டில் எடுக்கப்பட்ட பழைய ஓவியப் படம் ஒன்றில் கருமையாகத் தெரியும் கோடு, கருமைக் கோடாகவும் இருக்கலாம். செங்காவிக் கோடாகவும் இருக்கலாம். எந்தக் காலத்துத் தகடு என்று அறியாமல் ‘கரிய கோட்டால் வரையப்பட்டது’ என்று எழுதுவது ஆதாரமற்ற கூற்றாகிவிடும்.

3. கல்வெட்டு: ஒளியே செய்தி

கல்வெட்டாய்வில் மைப்படி எடுக்கும் முறை அனைவரும் அறிந்ததே. ஈரத்தாளைக் கல்லின்மீது ஒட்டி, தூரிகையால் அடித்து வெட்டுக்குள் பதியச் செய்து, மேற்பரப்பில் மை ஒற்றும்போது எழுத்து வெண்மையாகவும் தளம் கருமையாகவும் கிடைக்கின்றன. கல்லின் நிறம் முற்றாக விலக்கப்பட்டு, மேடும் பள்ளமும் மட்டுமே தாளுக்கு வருகின்றன. கல்வெட்டின் செய்தி நிறத்தில் இல்லை, ஆழத்தில் உள்ளது என்னும் தெளிவு இம்முறையிலேயே அடங்கியிருக்கிறது. மைப்படியைக் கறுப்பு-வெள்ளை ஒளிப்படத்தின் முன்னோடி வடிவம் எனலாம்.

கல்வெட்டை ஒளிப்படமாக எடுக்கும்போதும் இதே நெறி பொருந்தும். நேரெதிரிலிருந்து விழும் ஒளியில் வெட்டுகள் நிழலின்றித் தட்டையாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும் ஒளியில் ஒவ்வொரு வெட்டும் நிழல் கொண்டு எழும். ஒளி வராத சுவராயின், விளக்கைப் பக்கவாட்டில் வைத்து இந்நிலையை உருவாக்கலாம். ஒரே திசையிலிருந்து வரும் ஒளி, அத்திசையிலேயே செல்லும் கோடுகளை மறைத்துவிடும் என்பதால், குறைந்தது இரு திசைகளிலிருந்து ஒளியூட்டித் தனித்தனிப் படங்கள் எடுப்பது நல்லது. இப்படங்களைக் கறுப்பு-வெள்ளையாக்கி வெளியிடும்போது பாசி, குங்குமம் ஆகியவற்றின் நிறக் குறுக்கீடு நீங்கி எழுத்து முன்வருகிறது. அவை கருங்கறைகளாக எஞ்சி எழுத்தை மறைக்குமாயின், நிறங்களின் பங்கைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்ய இயலும்.

எழுத்துகளின்மீது பிற்காலத்தில் வண்ணம் பூசப்பட்டிருந்தாலோ, சுண்ணாம்புப் பூச்சின் அடுக்குகள் பற்றிய விவாதம் எழுந்தாலோ நிறமும் சான்றாகிவிடும். அந்நிலையில் வண்ணப்படத்தையும் இணைத்தே வெளியிட வேண்டும்.

4. பாறை ஓவியமும் சுவரோவியமும்: நிறமே செய்தி

விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் உள்ள பாறை ஓவியங்கள் செங்காவி நிறத்தில் அமைந்தவை. வெயிலாலும் மழையாலும் மங்கிய செங்காவி, பாறையின் இயல்பான பழுப்போடு ஒளியளவில் மிக நெருங்கிவிடுகிறது. பொது விதிப்படி சாம்பலாக்கினால் கோடு பாறையில் கரைந்துவிடும். ஆனால் செங்காவி நீல ஒளியை உறிஞ்சுவது. வெளிறிய பாறை அதனை ஓரளவு திருப்பி அனுப்புவது. ஆகவே வண்ணப்படத்தின் நீலப் பகுதியை மட்டும் பிரித்துச் சாம்பலாக்கினால் கோடு கருத்துத் தெளிவாகும். சிவப்புப் பகுதியை மட்டும் பிரித்தால் கோடு ஏறத்தாழ மறைந்துவிடும். ஒரே படத்திலிருந்து ஓவியம் உள்ள பாறையையும் ஓவியம் இல்லாத பாறையையும் பெறமுடியும் என்பது, மாற்று முறையைக் குறிப்பிடாத கறுப்பு-வெள்ளைப் படத்தை ஏன் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

உலகெங்கும் பாறை ஓவிய ஆய்வாளர்கள் இன்று பயன்படுத்தும் டிஸ்ட்ரெட்ச் என்னும் மென்பொருள், இந்நிற வேறுபாட்டையே ஆதாரமாகக் கொண்டது. ஜான் ஹார்மன் உருவாக்கிய இம்மென்பொருள், கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய நிற வேறுபாடுகளைக் கணித முறையில் விரித்துக் காட்டுகிறது. களத்தில் கறுப்பு-வெள்ளையில் மட்டுமே சேமித்த படத்திற்கு இவ்வாய்ப்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓவியத்தையும் வண்ணக்கோப்பு தன்னுள் வைத்திருக்கக்கூடும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்திற்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஈரடுக்கு ஓவியங்களை ஆராயும்போது கோட்டின் ஓட்டத்தைக் கறுப்பு-வெள்ளைப் படம் நன்கு காட்டும். எவ்வடுக்கில் எந்நிறம், எங்கே மேற்பூச்சின் எச்சம் என்னும் வினாக்களுக்கு வண்ணப்படமே விடை தரும்.

வண்ணப்படமும் தானாகவே உண்மை சொல்லிவிடுவதில்லை. இருண்ட உள்சுற்றுகளில் பயன்படுத்தப்படும் விளக்கின் நிறம் ஓவியத்தின் நிறத்தை மாற்றிவிடும். இழை விளக்கின் ஒளி மஞ்சள் சார்ந்தது. அதன் நிறவெப்பநிலை சுமார் 3000 கெல்வின். பகலொளியினது சுமார் 5500 கெல்வின். கருவியின் வெள்ளைச் சமநிலை தானியங்கு நிலையில் இருந்தால், அடுத்தடுத்து எடுத்த இரு படங்களிலேயே ஒரே காவி இரு வேறு நிறமாக அமையலாம். ஓவியத்தின் அருகே வண்ண அளவை அட்டை ஒன்றை வைத்து முதற்படம் எடுப்பதே இதற்குத் தீர்வு. அட்டையின்றி எடுத்த வண்ணப்படத்தைக் கொண்டு ‘இது அடர்சிவப்பு, அது இளஞ்சிவப்பு’ என நுட்ப வேறுபாடு பேசுவது பொருந்தாது.

ஆவணக் காப்பகங்கள் நெடுங்காலம் கறுப்பு-வெள்ளையைப் பயன்படுத்தியதற்கும் காரணம் உண்டு. முறையாகக் கழுவப்பட்ட வெள்ளிப் படிமம் நிலைத்து நிற்பது. வண்ணச்சுருளின் சாயங்களோ இருட்டில் வைத்தாலும் காலப்போக்கில் வெளிறக்கூடியவை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்து உருவாக்கிய தொகுப்பில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி கறுப்பு-வெள்ளையே. சிற்பத்திற்கும் கட்டடத்திற்கும் அது பொருத்தமான தெரிவாகவும் அமைந்தது.

5. மனிதர் இடம்பெறும் படங்கள்

இதுவரை கண்டவை பொருள்களின் படங்கள். மனிதரும் நிகழ்வும் இடம்பெறும்போது தெரிவின் விளைவு மேலும் ஆழமாகிறது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் நச்சுவாயு கசிந்தது. அதனை அடுத்து, பெயர் தெரியாத ஒரு குழந்தையின் அடக்கத்தை இரு இந்திய ஒளிப்படக்காரர்கள் படமெடுத்தனர். பாப்லோ பார்த்தலோமியோவின் படம் வண்ணத்தில் அமைந்தது. அது அவ்வாண்டின் உலகப் பத்திரிகை ஒளிப்பட விருதைப் பெற்றது. ரகு ராயின் புகழ்பெற்ற படம் கறுப்பு-வெள்ளை. இரண்டிலும் மண்ணுக்கு நடுவே குழந்தையின் முகமும் அதனைத் தொடும் ஒரு கையும் உள்ளன.

ஒரே குழந்தை, ஒரே அடக்கம். எனினும் இருபடங்களும் பார்ப்பவரிடம் ஒரே வகையில் பேசுவதில்லை. கறுப்பு-வெள்ளையில் மண், கை, முகம் மூன்றும் ஒரே சாம்பல் வரிசைக்குள் அடங்குகின்றன. பார்வை வடிவத்தின்மீதும் கண்களின்மீதும் நிலைக்கிறது. அது ஒரு குழந்தையின் படமாக இருந்துகொண்டே அனைத்து இழப்புகளின் குறியீடாகவும் விரிகிறது. வண்ணத்திலோ மண்ணுக்கு மண்ணின் நிறமும் தோலுக்குத் தோலின் நிறமும் உள்ளன. குறியீடாக விலகிச் செல்ல அது எளிதில் இடந்தருவதில்லை; இந்த இடத்தில், இந்த உடலுக்கு நேர்ந்தது இது என்று பற்றி நிறுத்துகிறது. இரண்டில் ஒன்றைப் பொய் எனக் கூற இயலாது. ஒன்று துயரின் பொதுமையையும் மற்றொன்று நிகழ்வின் தனித்தன்மையையும் வலியுறுத்துகின்றன என்பதே இக்கட்டுரையின் வாசிப்பு.

கறுப்பு-வெள்ளையே ஆழமானது, வண்ணம் மேலோட்டமானது என்னும் கருத்தை ஒளிப்படக்காரர் ரகுபீர் சிங் (1942–1999) ஏற்கவில்லை. வாழ்நாள் முழுதும் வண்ணத்தையே தம் ஊடகமாகக் கொண்ட அவர், இந்தியப் பார்வை வண்ணத்திலேயே வேர்கொண்டது என்றும், கறுப்பு-வெள்ளையின் இறுக்கம் மேலைநாட்டு மனநிலையைச் சார்ந்தது என்றும் வாதிட்டார். இதனைப் பொதுவிதியாகக் கொள்வது கடினம். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சுனில் ஜானா கறுப்பு-வெள்ளையில் பதிவுசெய்த படங்களை அந்நிய மனநிலை என்று ஒதுக்கிவிட இயலாது. எனினும் அவருடைய வாதம் கள ஆய்வாளருக்கு ஓர் எச்சரிக்கையாகப் பயன்படும். இன்று வாழும் ஒரு சமூகத்தின் படங்களைக் கறுப்பு-வெள்ளையாக்கி வெளியிடும்போது, அம்மக்கள் கடந்த காலத்தைச் சேர்ந்தவர்கள்போல் தோற்றம் பெறுகின்றனர். அவர்களுடைய நெகிழிக் குடமும் கைப்பேசியும் நிறமிழந்து பழமைக்குள் கலந்துவிடுகின்றன. ‘தொன்மைச் சாயல்’ வேண்டி நிறத்தை நீக்குவது, ஆய்வு முடிவைப் படத்திற்குள் முன்கூட்டியே திணிப்பதாகும்.

6. நடைமுறை நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, களத்தில் எப்போதும் வண்ணத்திலேயே பதிவுசெய்ய வேண்டும். வண்ணத்திலிருந்து கறுப்பு-வெள்ளையைப் பெறலாம், மறுதலையாக இயலாது. கருவியில் கறுப்பு-வெள்ளை நிலையைத் தெரிவுசெய்து ஜேபெக் கோப்பாக மட்டும் சேமித்தால் நிறத்தரவு அழிந்துவிடும். ரா எனப்படும் மூலக் கோப்பையும் சேர்த்துச் சேமித்தால் நிறத்தரவு நிலைக்கும்.

இரண்டாவது, வெளியிடும் வடிவத்தை வினாவைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும். வாதம் ஆழம், வடிவம், கோடு ஆகியவற்றைச் சார்ந்ததாயின் கறுப்பு-வெள்ளை பொருந்தும். நிறமி, ஒப்பனை, ஆடை, அடுக்கு, பயிர், மண் ஆகியவற்றைச் சார்ந்ததாயின் வண்ணம் இன்றியமையாதது.

மூன்றாவது, கறுப்பு-வெள்ளையாக மாற்றியிருந்தால் படக்குறிப்பில் அதனைத் தெரிவிக்க வேண்டும். ‘வண்ண மூலத்தின் நீலப் பகுதியிலிருந்து மாற்றப்பட்டது’ என்னும் ஒரு வரி, படிப்பவர் சரிபார்க்க வழி செய்கிறது.

நான்காவது, அச்சு கறுப்பு-வெள்ளையிலேயே அமையும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஒரு படி எடுத்துப் பார்க்க வேண்டும். வாதத்திற்குரிய வேறுபாடு அதில் புலப்படவில்லையெனில், அப்படத்தை வண்ணத்தில் தனித்தாளாக இணைக்கலாம். அல்லது கோட்டோவியம் வரைந்து பகுதிகளுக்கு எண்ணிட்டு நிறங்களைச் சொல்லால் குறிக்கலாம்.

முடிவுரை

ஒளிப்படத்தில் வண்ணமும் கறுப்பு-வெள்ளையும் உயர்வு தாழ்வு உடையவை அல்ல. ஒன்று நிற வேறுபாட்டைக் காக்கிறது. மற்றொன்று அதனைக் கைவிட்டு ஒளி வேறுபாட்டை முன்னிறுத்துகிறது. கல்வெட்டுக்குக் கைவிடுதல் உதவுகிறது. செங்காவி ஓவியத்திற்கு அதுவே இழப்பாகிறது. மனிதரின் படங்களில் அது பார்வையின் அறத்தையே தொடுகிறது. எதைக் கைவிட்டோம் என்று அறிந்து, அதனைப் படிப்பவருக்கும் அறிவித்து வெளியிடும் படமே ஆய்வுச் சான்று எனத்தக்கது. பின்னிணைப்பில் நூறு படங்கள் சேர்ப்பதைவிட, வாதத்தைச் சரிபார்க்க உதவும் பத்துப் படங்களை உரிய நிறநிலையில் தருவது ஆய்வேட்டிற்கு வலுச்சேர்க்கும்.